பம்ப் மாற்றிய மாதம்

செப்டம்பர் 3, புதன்

பச்சைக் கார் இன்றைக்கு மானத்தை வாங்கிவிட்டது. நானும் என் மனைவி சுலோசனாவும் வால்பாறையில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி இரண்டு முறை விக்கியது. கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்து மிதித்தேன். அப்படியே அடங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனாலேயே திட்டினான். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, சுலோசனா இறங்கிப் போய் ஒரு கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். கல்லை வைத்துவிட்டு அவள் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

பானெட்டைத் திறந்து முதலில் மூக்கை நீட்டினேன். என் வழக்கம் அதுதான். நாற்பது வருஷமாகக் காப்பிக்கொட்டை வறுப்பவன் நான். கொட்டையை எப்போது இறக்க வேண்டும் என்பதைக் கடிகாரம் பார்க்காமல் மூக்காலேயே சொல்லிவிடுவேன். பொள்ளாச்சியில் வெள்ளிங்கிரி காப்பித்தூள் என்று ஒரு பேர் இருக்கிறதென்றால் அது இந்த மூக்கு சம்பாதித்த பேர். காருக்கும் அதே வைத்தியம்தான். கார்புரேட்டர் வழிந்தால் ஒரு வாசம், ஒயர் கருகினால் ஒரு வாசம், கிளட்ச் தேய்ந்தால் ஒரு வாசம். இன்றைக்கு எதுவுமே இல்லை, சுத்தமான மலைக்காற்று. பெட்ரோல் மேலே வந்து சேரவே இல்லை என்று அர்த்தம். ஆக, கோளாறு பம்பில். சுலோசனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பஸ் விட்டுப் போன புகை அவளுக்கு ஆகாது.

எஞ்சின் ஆறியதும் கிளம்பியது. வால்பாறை போகாமல் வீடு திரும்பினோம்.

மகன் மோகன் விஷயம் கேட்டதும் காரை விற்றுவிடலாம் என்றான். கோயமுத்தூரில் ஒருவர் அறுபத்தெட்டு மாடல் தேடிக்கொண்டிருக்கிறாராம். போன மாதம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டதிலிருந்து இவன் எனக்கே அப்பனாகிவிட்டான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் என்னை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு வறுவல் மிஷின் முன்னால் அவன் நிற்கிறான். கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். ஆயுத பூஜையன்று பச்சைக் காருக்குப் பூஜை போட்டு, நானே கடைக்கு ஓட்டிவந்து, நானே மிஷினைப் பற்றவைத்து, என் இடத்தில் நிற்பேன். அதற்குள் வண்டியைச் சரிசெய்ய முடியாவிட்டால் காரையும் விற்றுவிடு, கடைப்பக்கமும் நான் வரவில்லை என்றேன். மறுத்துப் பேசுவான் என்று நினைத்தேன். "சரிங்கப்பா" என்று பிடித்துக்கொண்டான்.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் ஷெட்டில் பம்பைச் சோதித்தேன். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைக்கவில்லை. ஃபில்டர் சுத்தம். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஓர் ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டு, சுலோசனாவை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நல்ல பம்பாக இருந்தால் பீய்ச்சி அடிக்க வேண்டும். இது சளிபிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி ஒழுகியது. சந்தேகமே இல்லை.

கழற்றி மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர்த் துணி. டயஃப்ரம் என்பார்கள். எஞ்சின் சுற்றும்போது அது மேலும் கீழும் ஆடித்தான் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். காய்ந்து அப்பளமாகிவிட்டது. ஓரத்தில் முடி போல ஒரு வெடிப்பு. நோய் கண்டுபிடித்தாகிவிட்டது, மருந்துதான் பாக்கி. மனசுக்கு நிறைவாக இருந்தது.

கை கழுவச் சமையலறைக்குப் போய் அங்கேயே நின்று பேப்பர் படித்தேன். அடுப்பில் பால் இருந்ததைச் சுலோசனா என்னிடம் சொல்லவில்லை. அவள் ஷெட்டைக் கூட்டிவிட்டு வந்து பார்த்தபோது பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்துவிட்டது. பக்கத்திலேயே நின்றிருக்கிறீர்களே என்றாள். நான் பேப்பரில் இருந்தேன் என்றேன். அவள் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு துக்கமா!

செப்டம்பர் 8, திங்கள்

மோகன் பேங்குக்குப் போயிருந்த நேரத்தில் ஓர் ஈடு வறுத்தேன். கை சும்மா இருக்கவில்லை. கருகிவிட்டது. கூர்க்கிலிருந்து இந்த முறை வந்த கொட்டை சரியில்லை, ஈரம் சீராக இல்லை. மிஷினைத் துடைக்கிற பெண்ணுக்கு இருமல் வந்து வெளியே ஓடினாள். வறுவல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மூக்கு சொல்ல வேண்டிய இடத்தில் எதுவும் சொல்லவில்லை. கொட்டை மட்டமாக இருந்தால் மூக்கு என்ன செய்யும்?

மோகன் திரும்பி வந்து கருகிய கொட்டையைக் குப்பைக்கு அனுப்பினான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கி, டயஃப்ரம் கிடைத்துவிட்டது. சும்மா கிடைக்கவில்லை. மெழுகுத்தாள் பிரிக்காத ஒரிஜினல்! பழைய கார் வைத்திருப்பவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பெட்டி பிரிக்காத ஒரிஜினல் கிடைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. கடைக்காரரே பிரிய மனமில்லாமல்தான் கொடுத்தார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் உடுமலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் துரைராஜிடம் காட்டினேன். பச்சைக் காரில் கைவைக்க நான் அனுமதிக்கும் ஒரே மெக்கானிக் அவன்தான். பாராட்டுவான் என்று பார்த்தால் முகத்தைச் சுளித்தான்.

"இப்ப வர்ற பெட்ரோல்லே எத்தனால் கலந்து வருதுங்கண்ணா. அந்தக் காலத்து ரப்பர் அதுக்குத் தாங்காது. ஊறி உப்பிக் கிழிஞ்சு போயிருமுங்க. அதே அளவுக்குப் புது ரப்பர்லே வருது, நான் வாங்கித் தர்றேன்."

புது ரப்பரை அவன் தலையிலேயே போட்டுக்கொள்ளட்டும். ஒரிஜினலை விட்டுவிட்டு நகலைத் தேடுவதற்கு நான் என்ன பைத்தியமா? ஒழுகினால் எனக்குத் தெரியாமலா போகும், மூக்கு சொல்லும் என்றேன். "பாத்துக்குங்கண்ணா" என்று விட்டுவிட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

பம்ப் பூட்டியாயிற்று. ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. பாட்டிலில் பீய்ச்சி அடிப்பதைப் பார்க்கச் சுலோசனாவைக் கூப்பிட்டேன். வாசற்படியில் நின்றே பார்த்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் போய்வந்தோம். கார் பஞ்சு மாதிரி ஓடியது. இருபது வயது குறைந்துவிட்டது எனக்கு. சுலோசனா வழியெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே வைத்துக்கொண்டே வந்தாள். ஏசி கார் பழகிவிட்டால் இப்படித்தான். தலை வலிக்கிறது என்றாள்.

கோவில் வாசலில் அவளுக்கு மல்லிகை வாங்கிக் கொடுத்தேன். இந்த வருஷம் மல்லிகைக்கு வாசமே இல்லை. மருந்தடித்தே வளர்த்தால் வாசம் எங்கிருந்து வரும் என்று பூக்காரியிடமே கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சுலோசனா பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

வீட்டில் ஒரு புதுப் பழக்கம். நான் வெந்நீர் வைத்துவிட்டு வந்தால், பின்னாலேயே போய்ச் சுலோசனா சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுகிறாள். நான் என்ன சின்னப் பிள்ளையா? கேட்டால், "ஒரு வாட்டி பாத்துட்டா என்னங்க" என்கிறாள். மருமகள் இந்திராவும் நான் சமையலறைக்குள் போனால் பின்னாலேயே வருகிறாள். சொந்த வீட்டில் காவல் போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

எஞ்சின் ஆயில் பார்த்தேன். ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறது. நான் ஆயில் ஊற்றவில்லை. ஊற்றாத ஆயில் எப்படி ஏறும்?

டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும், ஆயில் தண்ணீராகி அளவு ஏறும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்படி இருந்தால் ஸ்டிக்கில் பெட்ரோல் நெடி அடிக்க வேண்டும். மூக்கருகே வைத்துப் பார்த்தேன், தொட்டும் முகர்ந்தேன். ஒன்றுமில்லை. போன தடவை ஆயில் மாற்றியபோது கூடுதலாக ஊற்றியிருப்பேன்.

செப்டம்பர் 22, திங்கள்

துரைராஜ் வந்தான். நான் கூப்பிடவில்லை. கேட்டிலேயே நின்று, "என்னங்கண்ணா, பெட்ரோல் நெடி தெரு வரைக்கும் வருது" என்றான். யார் சொல்லிக்கொடுத்து வந்தானென்று எனக்குத் தெரியாதா? ஷெட்டுக்குள் அழைத்துப் போய், எங்கே, எந்த இடத்தில் என்று காட்டச் சொன்னேன். பம்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றான். புது ரப்பரை என் தலையில் கட்டாமல் தூக்கம் வராது போலிருக்கிறது என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவன் முகம் சிறுத்துவிட்டது.

"வண்டிய ஓட்டாதீங்கண்ணா. கும்புட்டுக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போகும்போது சுலோசனாவிடமும் ஏதோ சொன்னான். ஆக, எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். மோகனுக்குக் கடை வேண்டும், துரைராஜுக்கு வியாபாரம் வேண்டும். சுலோசனாவுக்கு என்ன வேண்டும் என்றுதான் புரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

சாயங்காலம் சுலோசனா காப்பி கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறதென்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காத கேள்வி. டிகாஷன் நன்றாக இறங்கியிருக்கிறது, பீபெரிக் கொட்டைத் தூள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறாய் என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

தம்ளரை வைக்கப் போனபோது குப்பைத்தொட்டியில் ஒரு பாக்கெட் கிடந்தது. வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற ரெடிமேட் காப்பித்தூள். அந்தப் பொடியை இந்த வீட்டு வாசற்படி ஏற விட்டதில்லை நான். யார் வாங்கியது என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

கடைக்குப் போய்க் கொட்டை மூட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். எனக்குச் சளி பிடித்திருக்கிறது. மழைக்காலம், எல்லோருக்கும் வருவதுதான். பெட்ரோல் அப்படியல்ல. அது சளியிலும் தெரியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மோகன் வெளிப்படையாகவே கேட்டான். ஆயுத பூஜைக்குக் கடைக்கு நடந்தே வந்துவிடுங்கள், மிஷினுக்குப் பூஜை நீங்களே போடுங்கள், கார் மட்டும் வேண்டாம் என்றான். பேரம் பேசுகிறான் பையன். வார்த்தை வார்த்தைதான் என்றேன். அந்தக் கார் கடை வாசலில் போய் நிற்காவிட்டால், நான் விழுந்த நாளோடு முடிந்துபோனேன் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கென்று எழுதத் தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மூன்று நாளாக மழை. சாரல் உள்ளே அடிக்காமல் ஷெட்டின் ஷட்டரை முழுக்க இறக்கி வைத்திருக்கிறேன். காருக்கடியில் விரித்த அட்டையில் தட்டு அகலத்துக்கு ஓர் ஈரம். கூரை ஒழுகியிருக்கும். மத்தியானம் போய்ப் பார்த்தபோது காய்ந்து, கறை மட்டும் இருந்தது. இந்த மழையில் அவ்வளவு சீக்கிரம் எது காய்கிறது?

ஆயில் இன்னும் ஏறியிருக்கிறது.

பூசணிக்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் வாங்கியாயிற்று. பெரிய கட்டிச் சூடமாகவே வாங்கினேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

சாயங்காலம் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மோகனும் இந்திராவும் விடிந்ததும் கடைக்குப் போய்விட்டார்கள். நான் குளித்து, ஷட்டரை இறக்கியபடியே வைத்துக் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். நன்றாக ஓடியது. அணைத்துவிட்டுத் துடைத்தேன். பானெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பம்புக்கும் ஒரு பொட்டு வைத்தேன். விரல் சில்லென்றது. சந்தனத்தின் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சுலோசனாவைக் கூப்பிட்டேன். பூஜைத் தட்டோடு வந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். காரை வெளியே தள்ளி வைத்துக் கும்பிடலாம் என்றாள். வெளியே மழை, மாலை நனையும் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் உள்ளே வந்தாள். பூசணிக்காயை முன் பம்பருக்குக் கீழே வைத்து, அதன் தலையில் சூடத்தை வைத்தாள். தீப்பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"நீங்க வெளியே போய் நில்லுங்க. நான் பத்த வெக்கிறேன்."

இது என்ன புதுப் பழக்கம், நான் இருக்கும்போது நீ எதற்கு என்றேன். அவள் குரல் உயரவே இல்லை. இலை போட்டுச் சோறு போடும்போது பேசுவாளே, அதே குரல்.

"இத்தனை வருசமா உங்க மூக்கு சொன்னா எனக்கு மறுபேச்சு இல்லீங்க. இப்பவும் இல்லே. இங்கே பெட்ரோல் வாசம் இல்லீன்னு என் மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க. சொல்லிப்போட்டு வெளியே போயிருங்க. நான் பத்த வெச்சுக்கறேன்."

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒரு மாதமாக எல்லோரிடமும் சொன்ன சொல். அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகை இல்லை, நெடி தாங்காமல் வந்த நீர். அவளுக்குக் கண் எரிகிறது. எனக்கு ஒன்றுமே இல்லை.

பூசணிக்காய் மேலிருந்த சூடத்தை எடுத்தேன். மூக்கில் ஒட்டிவைத்து இழுத்தேன். இன்னொரு முறை, நெஞ்சு நிறைய இழுத்தேன். சூடம், ஐயா! பச்சைக் குழந்தைகூட மூக்கைச் சுருக்கும். என் கையில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது, அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியலே, சுலோ" என்றேன். "எனக்கு ஒண்ணுமே தெரியலே."

அவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். மழையில் நின்றோம். பிறகு அவளே போய் ஷட்டரை ஏற்றினாள், அவளே துரைராஜுக்குப் போன் செய்தாள். அவன் பட்டறைப் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். மூன்று பேருமாகக் காரைத் தெருவுக்குத் தள்ளினோம். சக்கரம் ஏறி எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் நின்ற இடத்தில், நான் புதிதாக விரித்திருந்த அட்டை முழுக்க நனைந்து சொதசொதவென்று இருந்தது.

துரைராஜ் பம்பைத் திறந்து காட்டினான். என் ஒரிஜினல் ஊறவைத்த அப்பளமாக உப்பி, நடுவில் கிழிந்து கிடந்தது. ஆயில் ஸ்டிக்கை உருவி என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டான். சில்லென்று தண்ணீர் மாதிரி பரவியது. காலையில் விரலில் பட்ட அதே குளிர்ச்சி. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தோம். சுலோசனாவின் வலது கை விரல்களில் சிவப்பாக இருந்தது. குங்குமம் ஒட்டியிருக்கிறது, கழுவிக்கொள் என்றேன். அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு தீக்குச்சி. தலையில் மருந்தே இல்லை. வியர்வையில் கரைந்து அவள் விரலெல்லாம் அப்பியிருந்தது. கதவைத் திறந்தபோதே அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும். அப்போதிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை.

நான் இல்லை என்று சொல்லியிருந்தால் உரசியிருப்பாயா என்று கேட்க வாய் வரவில்லை. எழுந்து போய்க் கை கழுவினாள். பால் காய்ச்சணும், அடுப்பை நான் பத்த வெச்சுக்கறேன், நீங்க உக்காருங்க என்றாள். உட்கார்ந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

குளியலறையில் விழுந்த அன்றே மூக்கும் போயிருக்க வேண்டும். கார் வாங்கக் கோயமுத்தூர்க்காரரை வரச்சொல்லும்படி மோகனிடம் நானே சொல்லிவிட்டேன். அவன் புதிதாக வறுத்து அரைத்த பீபெரித் தூள் கொண்டுவந்தான். அவன் முதல் முறையாகச் சரியாக இறக்கிய ஈடு என்று சுலோசனா சொன்னாள். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சூடாக இருந்தது. இனிப்பாக இருந்தது. கொஞ்சம் கசந்தது.